ஆவணியா, தையா?

என் தங்கை மகள் லதா சால்ட் லேக்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கையில் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருந்தாள். டாக்டரிடம் என்னென்ன கேட்க நினைக்கிறீர்கள் என்று மேலே போட்டு, கீழே வெறும் கோடுகள். ஈரல் டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இனிமேல் இதைக் கொடுத்து எழுதி வாங்கப் போகிறார்களாம்.

"பெரியம்மா, நீங்க இந்த வேலையத்தானே அந்தக் காலத்துல தாளில்லாமப் பாத்தீங்க? எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. எங்க ஆஸ்பத்திரிப் பொண்ணுங்களுக்கு நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சம். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

கல்யாணமாகி வங்காளத்தில் இந்த பவானிபூருக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல் பார்த்தார். புகையிலேயே நின்று நின்று நெஞ்சு கெட்டு, சீக்கிரமே போய்விட்டார். மெஸ் முதலாளிக்கு அப்போது காமாலை. அவர் வைத்தியத்துக்குப் போன இடத்தில், பெண் நோயாளிகள் பக்கத்தில் நிற்க ஒரு பொம்பளை வேண்டும் என்று டாக்டர் சொல்ல, என்னைக் கொண்டுபோய் விட்டார். அறுபதுகளின் கடைசியில் போனேன். எண்பதுகள் முடிகிறவரை, அவர் நோயாளிகளைப் பார்க்கும் அந்த ஒரு சேம்பர்தான். வங்காளத்தில் தாயுடன் பிறந்தவளை மாசி என்பார்கள். அங்கே எல்லாருக்கும் நான் மாசி. முதல் கொஞ்ச நாள் யாராவது கூப்பிட்டால் எனக்கு மாசிமகம்தான் ஞாபகத்துக்கு வரும். மொழியை வேலையிலும் காய்கறிக் கடையிலும் கற்றுக்கொண்டேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரலுக்கென்றே பேர்போனவர். ஒல்லியாக, உயரமாக, மடிப்புக் கலையாத வேட்டியோடு வருவார். வந்ததும் முதலில் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்து நான் ஊசி வேகவைப்பதைப் பார்ப்பார். அப்போது கண்ணாடி ஊசிதான், வேகவைத்து வேகவைத்துப் போடுவது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, அதற்கு மேலும் நன்றாகக் கொதிக்க வேண்டும். இடுக்கியில்லாமல் தொடக்கூடாது. "மாசி, பாதிக் காமாலை இந்த ஊசி வழியாத்தான் ஊருக்குள்ள போகுது" என்பார். வேறு டாக்டர்கள் சுடுதண்ணீரில் முக்கி எடுத்துக் குத்திக்கொண்டிருந்த காலம் அது.

நோயாளியை முதலில் ஜன்னலோரம் நிறுத்துவார். தரையைப் பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி, வெளிச்சத்தில் கண்ணின் மஞ்சளைப் பார்ப்பார். பிறகு நகம், உள்ளங்கை. படுக்கவைத்து, தன் கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு, வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார். வயிற்றைத் தட்டிக் கேட்பார். அதுவரை ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்துக்கொண்டே "போலுன்" என்பார். சொல்லுங்கள் என்று அர்த்தம். அதுதான் கேட்பதற்கான நேரம். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிவிட்டால் மருந்து எழுத ஆரம்பித்துவிடுவார், பிறகு சாட்சாத் காளியே வந்து கேட்டாலும் பதில் கிடையாது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். கேட்காததை அவராகச் சொல்லமாட்டார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. யாருக்காகவும் எழுந்திருக்கமாட்டார். மந்திரி வந்தாலும் உட்கார்ந்தபடிதான். ஆனால் இனிமேல் தன்னால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த நோயாளி கிளம்பும்போது மட்டும் எழுந்து, தோளில் கை வைத்து, கதவுவரை வந்து விடுவார். அது அவருக்கே தெரியுமோ தெரியாதோ. கம்பவுண்டர் ஹரிபாபுவுக்கும் எனக்கும் தெரியும். டாக்டர் எழுந்தார் என்றால் ஹரிபாபு தலையைக் குனிந்துகொண்டு மருந்துப் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

வெளியே வந்த பிறகு எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! "ஐயோ, அதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்!" உள்ளே போனதும் பயத்தில் எல்லாம் மறந்துவிடும். ஒரு வங்காளத்து மருமகள் முந்தானையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். எதற்கு என்றேன். மாமியார் கேட்டு வரச் சொன்னதாம், மறக்காமலிருக்க. அன்றிலிருந்து நானும் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கேள்விக்கு ஒரு முடிச்சு. ஆம்பிளைகளுக்குக் கைக்குட்டையில். கதை சொல்லாதே, கேள்வியை மட்டும் கேள். எந்தக் கேள்விக்கு வாய் வரவில்லையோ அதை முதல் முடிச்சாகப் போடு. எல்லாரும் அதைக் கடைசியில்தான் போடுவார்கள், அதற்குள் கண்ணாடி மூக்கில் ஏறிவிடும்.

ஹரிபாபு கேலி பண்ணுவார்: "மாசி, இங்க வர்ற புடவையெல்லாம் கிழிஞ்சு போச்சுன்னா ஜவுளிக்கடைக்காரன் உனக்குத்தான் மாலை போடணும்."

இதையெல்லாம் சொன்னதே கோமதியைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதம். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கோமதியின் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். பவானிபூரில் அப்பளம், வடகம், காப்பிப்பொடி விற்கிற கடை. எப்போதோ ஒரு ஆபரேஷனில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதில் வந்த காமாலை ரத்தத்திலேயே தங்கி, ஈரலை இறுக்கிவிட்டது. கண் மஞ்சள். கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் பானை. அதில் நீர் கோத்து ஏற்கெனவே ஊசி போட்டு இறக்கியாயிற்று. ஆனால் வாய்ப்பேச்சில் குறைச்சல் கிடையாது. உப்பே சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, "அப்பளக்கடைக்காரனுக்கு உப்பு ஆகாதாம் ஹரிபாபு, நாளைக்கு மீன்காரனுக்குத் தண்ணி ஆகாதும்பாரு" என்று வங்காளத்திலேயே சொல்லி பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். அங்கேயே பிறந்தவர் போல வங்காளம் பேசுவார். கோமதிக்கு ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் சொல்வதை அவர்தான் அவளுக்குத் தமிழில் சொல்வார்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் மத்தியானம், சேம்பர் மூடியிருக்கும்போது, கோமதி பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வருவாள். நான் ஊசி வேகவைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் வந்தாள், புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டு.

"சொல்லு, என்னென்ன கேக்கணும்?"

"சாப்பாடுதான் யக்கா. உப்பில்லாமத் தொண்டைல இறங்க மாட்டேங்குங்காக. எலுமிச்சங்கா பிழியலாமான்னு கேக்கணும்."

"போடு முடிச்சு."

"மேல்வீட்டு பௌதி, அதான் அந்த வங்காளத்து மதினி, காமாலை மாலை வாங்கித் தந்திருக்கா. தலையில வச்சா அது நீண்டு கீழ எறங்குமாம், நோயும் எறங்கிருமாம். போட்டிருக்காக. டாக்டர் வையுவாகளோ?"

"வைய மாட்டார். கேளு."

"தட்டு, துண்டு எல்லாம் புள்ளைகளுக்குத் தனியா வைக்கணுமா? அப்புறம், வயித்துல மறுபடி தண்ணி சேருதே, இது இப்படியேதான் இருக்குமா?"

முடிச்சுகள் விழுந்தன. "வேற?" என்றேன். முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நான் பாத்திரத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். அவசரப்படுத்தினால் வராது.

"மூத்தவளுக்குப் பேசி முடிச்சிருக்குல்லா யக்கா. சம்பந்தி வீட்டுல, ஆவணியோ தையோ ஒங்க சௌகரியம்னுட்டாக. இவுக தைங்காக. அதுக்குள்ள வயிறு வத்திரும், நல்லா நிமிந்து நின்னு தாரை வாத்துக் குடுப்பேங்காக." குரல் இறங்கிவிட்டது. "தை வரைக்கும்... எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு யக்கா."

எனக்குப் புரிந்தது. அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணம் ஒரு வருஷம் நிற்கும். சம்பந்தி வீட்டார் காத்திருக்கமாட்டார்கள். காத்திருந்தாலும் பெண்ணைத் தாரை வார்க்க அப்பன் கை இருக்காது, பக்கத்தில் நிற்க இவளுக்கும் இடம் இருக்காது. அந்தக் காலத்தில் தாலியிழந்தவளைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள். தூணுக்குப் பின்னால் நின்றுதான் மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும்.

"நேரா கேளேன் கோமதி."

"அந்த வார்த்தைய நான் எப்படி யக்கா சொல்லுவேன்? அதுவும் அவுகளே வங்காளத்துல சொல்லணும்லா?"

யோசித்தேன். "அப்ப ஆவணியா, தையான்னு மட்டும் கேளு. டாக்டருக்குப் புரியும். இதை மொத முடிச்சாப் போடு."

"இல்ல யக்கா. கடேசியாப் போடுதேன். மத்ததுக்கெல்லாம் நல்ல பதிலா வந்துட்டா இதக் கேக்கவே வேண்டாம்லா?"

ஐந்தாவது முடிச்சைக் கடைசியாகப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் டாக்டர் அண்ணாச்சியை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். வயிற்றை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டினார், மறுபக்கம் சாய்த்துத் தட்டினார். நாற்காலிக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார். "போலுன்."

கோமதி தமிழில் கேட்க, அண்ணாச்சி வங்காளத்தில் சொன்னார். எலுமிச்சங்காய் பிழியலாம். காமாலை மாலைக்கு டாக்டர் லேசாகச் சிரித்தார்: "தொங்கட்டும், அதுல உப்பில்லையே." தட்டு தனியாக வேண்டாம், ஆனால் சவரக்கத்தியை யாரும் தொடக்கூடாது, எல்லாருடைய ரத்தத்தையும் சோதித்துவிட வேண்டும். இதையெல்லாம் அண்ணாச்சி ஒழுங்காகத்தான் சொன்னார். வயிற்றுத் தண்ணீருக்கு வந்தபோது டாக்டர், "மறுபடி சேரும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரம் சேரும்" என்றார். அண்ணாச்சி மனைவி பக்கம் திரும்பி, "இன்னொருக்க எடுத்தாச் சரியாப் போயிருமாம்" என்றார்.

நான் திரைச்சீலை ஓரம் நின்றிருந்தேன். கேட்காமல் அந்த அறையில் பேசக்கூடாது என்பது டாக்டர் எனக்குப் போட்ட முதல் கட்டளை. அது இல்லாவிட்டாலும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் என்ன பேசுவேன்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

கோமதி கடைசி முடிச்சைப் பிடித்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, நல்ல பதில் வந்தும் விடவில்லை. "கல்யாணம் ஆவணிலயா தைலயான்னு கேளுங்க."

அண்ணாச்சி சிரித்தார். "ஏளா, இவரு என்ன சோசியரா? வீட்டு விசயத்த இங்க எதுக்கு?"

"கேளுங்க."

"சும்மா இருன்னு சொல்லுதேன்லா."

துடைத்த கண்ணாடி கையில் இருந்தது. டாக்டர் கோமதியின் முகத்தையே பார்த்தார். "என்ன கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர்பாபு, பொண்ணு கல்யாண விஷயம், வீட்டுப் பேச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாசி, நீ சொல்லு."

ஆவணியை வங்காளத்தில் பாத்ரோ என்பார்கள், தையை மாக் என்பார்கள். அப்படியே சொன்னேன்: "பொண்ணு கல்யாணத்தை பாத்ரோல வைக்கலாமா, மாக்ல வைக்கலாமான்னு கேக்கறாங்க பாபு."

டாக்டர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "பாத்ரோலயா? பாத்ரோல யாராவது கல்யாணம் வைப்பாங்களா? மாக்லயே வைங்க."

வங்காளிகளுக்கு பாத்ரோ ஆகாத மாதம். அந்த மாதத்தில் கல்யாணமென்ன, வீட்டுப் பூனையைக்கூட வெளியே துரத்தமாட்டார்கள் என்பார்கள். எனக்கு அது தெரிந்திருந்தும் அந்த நேரம் தோன்றாமல் போயிற்று. டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். தெரியாமல்தான் சொன்னாரா, அல்லது அந்தப் பதில் அவருக்கும் ஒரு நிமிஷம் சௌகரியமாக இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டார். "கேட்டியா! டாக்டரே சொல்லிட்டாரு. தைதான்!"

கோமதியின் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். அத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. விரல்கள் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டன. டாக்டர் கண்ணாடியின் ஒரு கம்பியைக் காதில் மாட்டினார்.

"பாபு" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "எங்களுக்கு பாத்ரோ நல்ல மாசம், பாபு. நிறையக் கல்யாணம் நடக்கும். அவங்க மாசத்தைக் கேக்கல. கன்யாதானம் அப்பா கையால பண்ணணும். அதுக்கு எந்த மாசம்னு கேக்கறாங்க."

கண்ணாடி மறுபடி கழன்றது. தெருவில் ட்ராம் ஒன்று தண்ணீரில் நின்றுபோய் மணியை அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே மெல்ல, வங்காளத்தில் கேட்டார்:

"டாக்டர்பாபு, மாக்ல நான் நிப்பேனா?"

டாக்டர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "அப்படின்னா உங்க பாத்ரோலயே வைங்க" என்றார். "என்னையும் கூப்பிடுங்க. நான் வரேன்."

சொல்லிவிட்டு எழுந்தார்.

கோமதிக்கு பாஷை தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே போகிறவர் வருகிறவரைப் பார்த்தவள். டாக்டர் கதவுவரை யாருக்கு வருகிறார் என்பதை அவளும் பார்த்திருக்கிறாள். பாதி அவிழ்ந்த முடிச்சு விரலில் அப்படியே நின்றது. அவள் டாக்டரைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பதிலை என் வாயால் சொல்ல வைக்காததற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

டாக்டரின் கை தோளில் இருக்க, கதவருகே நின்று அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். "ஆவணிங்காரு" என்றார். பிறகு, "மழையா இருக்கும். பந்தலுக்கு நல்ல தகரமாப் போடச் சொல்லணும்" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மேல்வீட்டு பௌதி முதல் தெருவின் வங்காளத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பாத்ரோவில் கல்யாணமா என்று ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். அண்ணாச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து மணையில் உட்கார்த்தினார்கள். தாரை வார்க்கும்போது கை நடுங்கிச் செம்பு சாய்ந்தது. கோமதி கீழேயிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சரியாக மகள் கையில் விழுந்தது.

டாக்டர் சொன்னபடி வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி முழங்கால்வரை நனைந்து. அண்ணாச்சியின் பக்கத்தில் குனிந்து, "மாக்ல சேம்பருக்கு வந்து உங்களைக் காட்டுங்க" என்றார். வாய் உபசாரத்துக்குச் சொன்னதுதான். அண்ணாச்சி சந்தோஷமாகத் தலையாட்டினார். "கண்டிப்பா வருவேன், உப்பில்லா அப்பளத்தோட வருவேன்."

திருக்கார்த்திகைக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார்.

தை மாதத்தில் ஒருநாள் நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோமதி வந்து உட்கார்ந்தாள். வெறும் நெற்றி. ஊரில் மாமனாரோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். கடையைக் கொடுத்தாயிற்று. முறை வந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டருக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றி, "போலுன்" என்றார்.

அவள் முந்தானையை எடுத்தாள். அதில் ஒரு முடிச்சும் இல்லை.

"கேக்க ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க யக்கா. தையில வாரேன்னு அவுக சொல்லியிருந்தாகல்லா. அதான் வந்தேன்."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரிக்காமலே அப்பளம் என்று தெரிந்தது.

நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.